சுவரைச் சுமப்பது எது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது நம் பழமொழி. சுவரே அடிப்படை, மற்றவை எல்லாம் அதன்மேல் அமைபவை என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டடக் கலையும் இந்த எண்ணத்தின் மீதே நின்றது. கூரையைத் தாங்குவது சுவர்; மாடியைத் தாங்குவது சுவர்; சுவரைத் தாங்குவது பூமி. இதில் ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஆனால் சுமார் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஒழுங்கு தலைகீழாக மாறத் தொடங்கியது. நியூயார்க்கிலோ சிக்காகோவிலோ செங்கல் முகப்போடு நிற்கும் ஒரு பத்து மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்வோம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது முழுவதும் செங்கல்லால் ஆனது போலத் தோன்றும். உண்மையில் அந்தச் செங்கற்கள் ஒரு மாடியையும் தாங்கவில்லை. உள்ளே எஃகாலோ கான்கிரீட்டாலோ ஆன எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. செங்கல் சுவர் அதன்மேல் போர்த்திய போர்வை மட்டுமே. இதனைப் போர்வைச் சுவர் என்று அழைக்கலாம்.

போர்வை என்றதும் அது இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் சுமார் 2,000 கிலோ எடை இருக்கும். போர்வைச் சுவரின் கனம் 10 செ.மீ. என்றால், ஒரு சதுர மீட்டர் சுவர் 200 கிலோ எடையுள்ளது. 20 மீட்டர் அகலமும் 30 மீட்டர் உயரமும் உள்ள ஒரு முகப்பின் எடை 1,20,000 கிலோ, அதாவது 120 டன். ஏறக்குறைய முப்பது யானைகளின் எடை! இவ்வளவு எடை, ஒரு சாண் கனம்கூட இல்லாத தகடு போல, மக்கள் நடமாடும் தெருவின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கிறது. கட்டடத்தைத் தாங்கிய சுவரை இப்போது கட்டடம் தாங்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் இந்தச் சுவரைச் சுமப்பது எது? எப்படிச் சுமக்கிறது? அதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? இக்கேள்விகளுக்குப் பொறியாளர்கள் விடை கண்ட வரலாற்றை இங்கே காண்போம்.

பழைய ரோமில்

ஒரு பொருளால் கட்டி, வேறொரு பொருளால் முகப்பு அமைப்பது புதிய வழக்கம் அன்று. பழைய ரோமானியர்கள் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் உடைகல்லும் கலந்த கலவையால் சுவரின் உள்ளீட்டை நிரப்பி, வெளிப்புறத்தில் சிறு கற்களையோ செங்கற்களையோ வைத்து முகப்பு அமைத்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இத்தகைய சுவர்களில் உள்ள ஆபத்தை உணர்ந்திருந்தார். முகப்பு தனியாகவும் உள்ளீடு தனியாகவும் பிரிந்துவிடாமல், இரும்புப் பற்றுகளையும் ஈயத்தையும் கொண்டு பிணைக்குமாறு அவர் அறிவுரை கூறியிருக்கிறார்.

ஆகவே முகப்பை உட்சுவரோடு பிணைப்பது எப்படி என்ற சிக்கல் மிகப் பழையது. ஆனால் ரோமானியரின் முகப்புச் சுவர் பூமியிலிருந்தே எழுந்தது. அதன் எடையைப் பூமி ஏற்றுக்கொண்டது. தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் சுவரைச் சுமப்பது எப்படி என்ற சிக்கல் அவர்களுக்கு எழவில்லை. அது எழுந்தது அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில்.

ஒரு நகரம் எரிந்தது

1871-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிக்காகோவில் பெருந்தீ மூண்டது. சுமார் 300 பேர் மாண்டனர். ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் வீடிழந்தனர். மரக் கட்டடங்கள் எரிந்ததில் வியப்பில்லை. ஆனால் இரும்புத் தூண்களைக் கொண்ட கட்டடங்களும் சரிந்தன. தீயின் வெப்பத்தில் இரும்பு வலுவிழந்து வளைந்துவிடும் என்ற பாடத்தை நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. இரும்பைப் பயன்படுத்த வேண்டுமானால், தீக்கு அஞ்சாத செங்கல்லாலோ சுடுமண் ஓட்டாலோ அதை மூட வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தனர்.

எரிந்த நகரம் விரைவாக மீண்டும் எழுந்தது. நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறியது. மின்தூக்கி வந்துவிட்டதால் உயரமான மாடிகளுக்கும் வாடகை கிடைத்தது. ஆகவே உயரமாகக் கட்டு என்ற குரல் எழுந்தது. ஆனால் உயரமாகக் கட்டுவதற்குச் சுவரே தடையாக நின்றது.

காரணம் எளியது. சுமை தாங்கும் செங்கல் சுவருக்கு ஒரு பொது விதி அன்று வழக்கில் இருந்தது. மேல்மாடியில் 12 அங்குலக் கனம். அதற்குக் கீழே ஒவ்வொரு மாடிக்கும் மேலும் 4 அங்குலம். இந்த விதிப்படி 16 மாடிக் கட்டடத்தின் அடிச்சுவர் 72 அங்குலம், அதாவது ஆறு அடி கனம் இருக்க வேண்டும்! அந்த விதியின் எல்லையைக் காட்டும் கட்டடம் ஒன்று சிக்காகோவில் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் மொனாட்நாக். பர்ன்ஹாம், ரூட் என்னும் இரு கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் அமைத்த அதன் வடபாதி 1891-இல் முடிந்தது. பதினாறு மாடி உயரம். அடியில் சுவரின் கனம் ஆறு அடி. கீழ்மாடியில், நல்ல வாடகை தரக்கூடிய இடத்தைச் சுவரே விழுங்கிவிட்டது. சன்னல்கள் குகை வாயில் போல ஆழமாயின. சுவரின் எடையால் சிக்காகோவின் களிமண் நிலம் அமிழ்ந்தது. காலப்போக்கில் அக்கட்டடம் ஏறக்குறைய அரை மீட்டர் அளவுக்கு மண்ணில் இறங்கியது.

ஜென்னியின் எலும்புக்கூடு

இதற்குள் வேறொரு வழி பிறந்துவிட்டது. வில்லியம் லெ பாரன் ஜென்னி என்பவர் பாரிஸ் நகரில் பொறியியல் பயின்றவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைப் பொறியாளராகப் பணி செய்தவர். சிக்காகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக அவர் அமைத்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885-இல் முடிவுற்றது. அதன் உயரம் பத்து மாடி. ஜென்னியின் மனைவி ஒரு கனத்த புத்தகத்தைப் பறவைக் கூண்டின் மேல் வைத்ததாகவும், மெல்லிய கம்பிகளால் ஆன கூண்டு அந்தச் சுமையைத் தாங்கியதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் உதித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, கருத்து அதுதான். இரும்புத் தூண்களும் உத்தரங்களும் கூண்டு போல நின்று மாடிகளைச் சுமக்க வேண்டும். சுவர் அந்தக் கூண்டின்மேல் ஏற்றப்பட வேண்டும்.

இது முழுமையான எலும்புக்கூடு அன்று. அடிப்பகுதியின் கருங்கல் தூண்களும் சில பக்கச் சுவர்களும் பழைய முறையிலேயே சுமை தாங்கின. ஆகவே உலகின் முதல் வானளாவி இதுதானா என்பதில் வரலாற்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1931-இல் இக்கட்டடம் இடிக்கப்பட்டபோது, அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் ஆராய ஒரு குழுவே அமைந்தது. எனினும் தெருப்புறச் சுவரின் எடையை மாடிதோறும் பிரித்து, இரும்புச் சட்டகத்தின்மேல் ஏற்றும் எண்ணம் இங்கே தெளிவாக உருவம் பெற்றது எனலாம்.

இந்த எண்ணம் எவ்வளவு விரைவாக வென்றது என்பதை மொனாட்நாக் கட்டடமே காட்டுகிறது. அதன் தென்பாதியை 1893-இல் வேறொரு நிறுவனம் கட்டியபோது எஃகுச் சட்டகத்தையே பயன்படுத்தியது. ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் சுவர் மாடிகளைச் சுமக்கிறது. மறுபாதியில் சட்டகம் சுவரைச் சுமக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள காலம் இரண்டே ஆண்டுகள்.

ஓர் ஆங்கிளின் வேலை

சட்டகம் சுவரைச் சுமக்கப் பயன்படும் உறுப்பு மிக எளியது. இரும்புக் கடைகளில் ஆங்கிள் என்று விற்கும், ‘எல்’ எழுத்தைப் போன்ற எஃகுத் துண்டுதான் அது. அதன் ஒரு கால் செங்குத்தாக, மாடித் தளத்தின் விளிம்பிலோ உத்தரத்தின் முகத்திலோ போல்ட்டால் இறுக்கப்படுகிறது. மற்றொரு கால் அலமாரிப் பலகை போல வெளியே நீண்டிருக்கும். அந்தப் பலகையின்மேல் கொத்தனார் முதல் வரிச் செங்கல்லை வைத்து, அடுத்த மாடிவரை கட்டிக்கொண்டு போவார். அடுத்த மாடியில் மற்றொரு ஆங்கிள்; அதன்மேல் மற்றொரு சுவர். இப்படி ஒவ்வொரு மாடியின் சுவரும் தனித்தனி அலமாரியில் அடுக்கிய புத்தக வரிசை போலாகிவிடுகிறது. இம்முறையில் கீழ்மாடிச் சுவர் முடியும்வரை மேல்மாடிச் சுவர் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாடியிலும் வேலையைத் தொடங்கலாம்.

நம் கணக்கின்படி, 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடிச் சுவர் நீளவாக்கில் மீட்டருக்கு 600 கிலோ எடை தரும். 600 கிலோவைத் தாங்குவது எஃகுக்குப் பெரிய வேலையா என்று கேட்கலாம். எடையை மட்டும் பார்த்தால் பெரிய வேலை அன்று. ஆனால் அந்த எடை தளத்தின்மேல் நேராக இறங்கவில்லை. தளத்துக்கு வெளியே, தொலைவில் இறங்குகிறது. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பது எளிது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் சில நொடிகளில் தோள் நடுங்கும். குடத்தின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அதன் தொலைவு மாறிவிட்டது. இந்தத் திருப்பு விசையே ஆங்கிளைக் கீழே வளைக்கவும், அதன் போல்ட்டைக் கான்கிரீட்டிலிருந்து பிடுங்கவும் முயல்கிறது. ஆகவே ஆங்கிளை வடிவமைப்பவர் எடையோடு நெம்புகோலின் நீளத்தையும் கணக்கிட்டாக வேண்டும்.

துரு என்னும் ஆப்பு

தொடக்க கால வானளாவிகளில் போர்வைச் சுவர் இன்றுள்ளது போல மெலிதாக இருக்கவில்லை. எஃகுத் தூணையும் உத்தரத்தையும் தீயிலிருந்து காக்க, அவற்றைச் சுற்றிலும் செங்கல்லையும் சுடுமண் ஓட்டையும் சாந்தையும் நெருக்கமாகத் திணித்துக் கட்டினர். கனமான சுவரைக் கடந்து மழைநீர் உள்ளே வராது என்று நம்பினர். எஃகு அந்தச் சுவருக்குள் பத்திரமாக உறங்கும் என்றும் எண்ணினர்.

ஆனால் செங்கல்லும் சாந்தும் நீரை உறிஞ்சும் பொருள்கள். பல ஆண்டுகளில் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சென்று எஃகைத் தொட்டது. எஃகு துருப்பிடித்தால், துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் நெருக்கிக் கட்டிய சுவரில் அந்த இடம் எங்கே? ஆகவே துரு ஓர் ஆப்பைப் போலச் செங்கல்லை வெளியே தள்ளியது. கற்பாறையைப் பிளக்க ஆப்பை அடிப்பது போல, சுவரை உள்ளிருந்தே பிளந்தது.

நியூயார்க்கின் உல்வொர்த் கட்டடம் இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு. 1913-இல் திறக்கப்பட்டபோது, 241 மீட்டர் உயரத்தோடு உலகிலேயே உயரமான கட்டடமாக அது விளங்கியது. அதன் முகப்பு முழுவதும் மெருகேற்றிய சுடுமண் ஓடுகளால் ஆனது. அந்த ஓடுகள் நெகிழ இடமின்றி நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருந்தன. அறுபது ஆண்டுகள் கழிந்தபின் ஆயிரக்கணக்கான ஓடுகள் வெடித்திருப்பது தெரிய வந்தது. 1977 முதல் 1981 வரை நடந்த பெரும் சீரமைப்பில், சுமார் 26,000 ஓடுகளுக்குப் பதிலாகப் புதிய துண்டுகள் பொருத்தப்பட்டன.

செங்கல் வளரும், கான்கிரீட் குறுகும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டும் முறை மீண்டும் மாறியது. சுவர் மெலிந்தது. ஒரே ஒரு செங்கல் கனமுள்ள போர்வைக்கும் உட்சுவருக்கும் இடையே சில அங்குல வெற்றிடம் விடப்பட்டது. வெளியிலிருந்து கசியும் நீர் இந்த வெற்றிடத்தில் வழிந்து இறங்கி, ஆங்கிளின்மேல் விரித்த நீர்த்தடைத் தகட்டில் விழுந்து, சுவரில் விட்ட சிறு துளைகள் வழியே வெளியேறும். சுவருக்குள் நீர் வரவே கூடாது என்ற பழைய பிடிவாதம் போய், வந்த நீர் வெளியேற வழி வேண்டும் என்ற அறிவு வந்தது. இது நல்ல முன்னேற்றமே. ஆனால் அதே காலத்தில் எஃகுச் சட்டகத்தின் இடத்தில் கான்கிரீட் சட்டகம் பெருகியபோது ஒரு புதிய தொல்லையும் முளைத்தது.

செங்கல் அசையாப் பொருள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது வளர்கிறது! சூளையிலிருந்து வெளியே வரும்போதுதான் ஒரு செங்கல் தன் வாழ்நாளில் மிகச் சிறியதாக இருக்கும். அந்த நொடி முதல் அது காற்றிலுள்ள ஈரத்தை இரசாயன முறையில் தன்னுள் இணைத்துக்கொண்டு சிறிது சிறிதாக நீளும். முதல் சில மாதங்களில் இந்த வளர்ச்சி விரைவாகவும், பிறகு மிக மெதுவாகவும் நடக்கும். வெயிலில் காய வைத்தால் இது திரும்புவதில்லை. மீண்டும் சூளையில் சுட்டால்தான் செங்கல் பழைய அளவுக்குத் திரும்பும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நிகழ்ச்சியையே ஒரு கடிகாரமாகப் பயன்படுத்தினர். செங்கல் எவ்வளவு ஈரத்தை இணைத்துக்கொண்டுள்ளது என்று அளந்து, அது சுடப்பட்ட காலத்தைக் கணிக்கும் முறையை 2009-இல் வெளியிட்டனர். கான்டர்பரி நகரின் இடைக்காலச் செங்கல் ஒன்றைச் சோதித்தபோது, அதன் வயது சுமார் 66 ஆண்டுகள் என்று விடை வந்தது. முதலில் குழப்பம்; பிறகு காரணம் விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் அந்நகரின்மேல் தீக்குண்டுகள் விழுந்தன. அந்தத் தீயே செங்கல்லை மறுபடியும் சுட்டு, அதன் கடிகாரத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தது.

கான்கிரீட்டின் குணமோ இதற்கு நேர்மாறானது. அது உலர உலரச் சுருங்கும். அதோடு, தொடர்ந்து சுமையைத் தாங்கும்போது பல ஆண்டுகளுக்கு மெல்ல மெல்ல அமுங்கிக் குறுகும். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே, முதல் உலகப் போருக்கு முன் தாம் கட்டிய ஒரு கான்கிரீட் பாலத்தின் வளைவுகள் திறந்த சில மாதங்களில் தணிந்து வருவதைக் கண்டு, ஜாக்கி வைத்து அவற்றை உயர்த்தியது பொறியியல் வரலாற்றில் புகழ் பெற்ற நிகழ்ச்சி.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே சட்டகம் குறுகுகிறது. வெளியே போர்வை வளர்கிறது. 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடிக்குக் கணக்கிடுவோம். செங்கல் ஈரத்தால் பத்தாயிரத்துக்கு 3 பங்கு வளரும் என்று கொண்டால் 0.9 மி.மீ. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மேலும் சுமார் 0.9 மி.மீ. கான்கிரீட் பத்தாயிரத்துக்கு 6 பங்கு குறுகினால் 1.8 மி.மீ. மொத்தம் 3.6 மி.மீ. ஒரு மாடியில் இது ஒரு நெல்மணியின் கனத்தைச் சற்றே மிஞ்சும் அளவுதான். ஆனால் பத்து மாடிக்கு இடைவெளியே இல்லாமல் கட்டியிருந்தால் 36 மி.மீ. ஆகிவிடும்.

வளர இடமில்லாத சுவர் என்ன செய்யும்? மாடித் தளத்துக்கும் ஆங்கிளுக்கும் இடையே நசுங்கும். யாரையும் தாங்க வேண்டாம் என்று விடுவித்த சுவரின்மேல், கட்டடத்தின் சுமையே மறுபடி வந்து உட்காரும். அதன் விளைவாகச் செங்கல்லின் முகம் பெயரும். ஆங்கிளை ஒட்டி வெடிப்பு ஓடும். சுவர் வயிறு தள்ளி வெளியே பிதுங்கும். 1960-களிலும் 1970-களிலும் கான்கிரீட் சட்டகக் கட்டடங்கள் பலவற்றில் இதே நோய் தென்பட்டது.

இதற்கு மருந்து வியக்கத்தக்க அளவு எளியது. ஒவ்வொரு ஆங்கிளுக்கும் அடியில், கீழ்மாடிச் சுவரின் கடைசி வரிக்கு மேலே, சாந்து வைக்காமல் ஓர் இடைவெளி விட வேண்டும். அதை இரப்பர் போல நெகிழும் பசையால் மூட வேண்டும். பசை தன் கனத்தில் பாதியளவு அமுங்கக்கூடியது என்றால், 3.6 மி.மீ. அசைவுக்கு 7.2 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி தேவை. ஆங்கிள் சிறிது தாழும் அளவையும், வேலையில் நேரும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்து 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விடுவர். மழைக்காலத்தில் உப்பும் மரக்கதவுக்குத் தச்சர் நிலையில் சிறிது இடம் விடுவதைப் போன்றதே இது.

இந்த இடைவெளியைப் படத்தில் வரைவது எளிது. வேலையிடத்தில் காப்பாற்றுவது கடினம். திறந்து கிடக்கும் சந்தைக் கண்டால் அதைச் சாந்தால் அடைப்பதே கொத்தனாரின் கைப்பழக்கம். நல்ல எண்ணத்தோடு வைத்த ஒரு கரண்டிச் சாந்து, பொறியாளரின் கணக்கு முழுவதையும் வீணாக்கிவிடும்.

காற்று இழுக்கும்போது

ஆங்கிள் சுவரின் எடையைச் சுமக்கிறது. ஆனால் சுவரைக் கவிழாமல் பிடித்திருப்பது மற்றோர் உறுப்பு. காற்று சுவரை உள்ளே தள்ளுவதோடு நிற்பதில்லை. கட்டடத்தின் பக்கங்களிலும் பின்புறத்திலும் சுவரை வெளியே உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது. இதை எதிர்க்க, வெற்றிடத்தைக் கடந்து போர்வைச் சுவரை உட்சுவரோடு இணைக்கும் சிறிய பிணைக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் பதிக்கப்படுகின்றன. செங்கல் வரிகளுக்கு இடையே சாந்துக்குள் அவற்றின் முனை புதைந்திருக்கும். சுவர் எழும்பிய பிறகு அவற்றை யாரும் காண முடியாது.

1989-ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 5.6 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. பதின்மூன்று பேர் உயிரிழந்தனர். பெரும் நிலநடுக்கம் என்று இதைக் கூற முடியாது. ஆயினும் ஏராளமான வீடுகளின் வெளிப்புறச் செங்கல் சுவர் பெயர்ந்து விழுந்தது. ஆராய்ந்தபோது, கடற்கரை நகரின் உப்புக் காற்றில் பல சுவர்களின் பிணைக் கம்பிகள் துருத் தின்று போயிருந்தது தெரிந்தது. இழுத்துப் பிடிக்கக் கம்பியே இல்லாமல் அந்தச் சுவர்கள் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தன.

துருவேறாத கம்பி இருந்தும் சுவர் விழலாம் என்பதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் காட்டியது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று, புயல் காற்றில், ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த செங்கல் கட்டின் எடை சுமார் ஒன்பது டன். பள்ளி தொடங்குவதற்கு முந்திய காலை நேரம் ஆதலால் குழந்தைகள் யாரும் அங்கே இல்லை. கட்டி ஏறக்குறைய பத்து ஆண்டுகளே ஆன பள்ளி அது! அதே திட்டத்தில் கட்டிய மற்றக் கட்டடங்களைச் சோதித்தபின் 17 பள்ளிகள் மூடப்பட்டன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஜான் கோல் என்பவர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2017-இல் வெளிவந்தது. பிணைக் கம்பிகள் வெளிச்சுவரின் சாந்துக்குள் போதிய ஆழம் புதையவில்லை என்பதே சுவர் விழுந்ததற்கு முதன்மைக் காரணம். சில சென்டிமீட்டர் குறைவு. அதை வேலை நடக்கும்போதே கவனித்துப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு மாணவியின் மரணமும் ஒரு சட்டமும்

கட்டுவதோடு கடமை முடிந்துவிடுகிறதா? நியூயார்க் நகரம் இதற்கு ஒரு துயர நிகழ்ச்சியின் வழியே விடை கண்டது. 1979-ஆம் ஆண்டு மே மாதம், பிராட்வே தெருவில் நடந்து சென்ற பர்னார்டு கல்லூரி மாணவி ஒருவர், பழைய கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு தாக்கி இறந்தார். அடுத்த ஆண்டே, 1980-இல், நகரமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் தெருப்புற முகப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வல்லுநர் சோதித்து அறிக்கை தர வேண்டும்.

1997-ஆம் ஆண்டு டிசம்பரில் மாடிசன் அவென்யூவில் ஓர் அலுவலகக் கோபுரத்தின் செங்கல் சுவர் பிதுங்கிச் சரிந்தது. அதன்பின் 1998-இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. தெருப்புறம் மட்டும் போதாது. மற்ற முகப்புகளையும் சோதிக்க வேண்டும். கீழே நின்று பார்ப்பது மட்டும் போதாது. சாரத்தில் ஏறி அருகிலிருந்தும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில், டைம்ஸ் சதுக்கத்தின் அருகே முகப்பிலிருந்து விழுந்த துண்டால் ஒரு பெண்மணி உயிரிழந்தார். அவர் ஒரு கட்டடக் கலைஞர். அந்தக் கட்டடத்தின் முகப்பு பழுதுபட்டிருப்பது நகர அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். சோதித்தால் மட்டும் போதாது, கண்ட பழுதைக் காலத்தில் நீக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இன்றைய புதிய கணக்கு

இப்போது இந்த வரலாற்றில் மேலும் ஒரு திருப்பம். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க ஆகும் எரிபொருளைக் குறைப்பதற்காக, போர்வைச் சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே கனமான வெப்பத்தடைப் பலகை வைக்கிறார்கள். ஐந்து செ.மீ. இருந்த இடைவெளி பதினைந்து செ.மீ. வரையிலும் அதற்கு மேலும் அகன்றுவிட்டது. நம் குடம் இடுப்பிலிருந்து மேலும் தள்ளிப் போய்விட்டது! இடைவெளி 5 செ.மீ. ஆனபோது சுவரின் நடுக்கோடு தளத்தின் விளிம்பிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருந்தது, 15 செ.மீ. ஆனால் அது 20 செ.மீ. திருப்பு விசை இரு மடங்காகிறது. நீட்டிய கை ஒன்றின் முனை தாழும் அளவோ, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே ஆங்கிள் எட்டு மடங்கு தாழும்.

மேலும் எஃகு வெப்பத்தை நன்கு கடத்தும். தளத்தோடு நெடுக ஒட்டிய ஆங்கிள், தடைப் பலகையைக் கிழித்துக்கொண்டு வீட்டின் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் பாலம் ஆகிவிடுகிறது. இதனால் இப்போது ஆங்கிளைத் தளத்தில் நேரே பதிக்காமல், இடையிடையே சிறு எஃகுத் தாங்கிகளை மட்டும் பதித்து அவற்றின்மேல் ஏற்றுகிறார்கள். தொடுமிடம் குறைவதால் வெப்ப இழப்பும் குறைகிறது. துருவைத் தவிர்க்கத் துத்தநாகம் தோய்த்த எஃகும், துருப்பிடிக்கா எஃகும் பயன்படுகின்றன. 1885-இல் தொடங்கிய கேள்விக்கு விடை தேடும் வேலை இன்னும் முடியவில்லை.

செங்கல் போர்வையைத் தாங்கும் உறுப்புகளைப் பட்டியல் போட்டால் மிகச் சிலவே வரும்: ஓர் ஆங்கிள், சில போல்ட்டுகள், பிணைக் கம்பிகள், நீரை வெளியேற்றும் தகடு, ஒரு விரல் கனமுள்ள வெற்று இடைவெளி. இவற்றில் ஒன்றும் கட்டடத்தின் அழகைக் கூட்டுவதில்லை. ஒன்றும் தெருவிலிருந்து தெரிவதில்லை. சுவர் எழும்பியபின் திறந்து பார்க்கவும் வழியில்லை. ஆகவே அவற்றைச் சரியாகச் செய்வதற்கு உள்ள வாய்ப்பு ஒரே முறைதான்: கொத்தனார் அடுத்த வரிச் செங்கல்லை வைப்பதற்கு முந்திய சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் ஆங்கிளின்மேல் குனிந்து, போல்ட் இறுகியிருக்கிறதா, கம்பி ஆழமாகப் புதைந்திருக்கிறதா, இடைவெளியில் சாந்து விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வையாளரின் கண்ணும் அந்தச் சுவரைத் தாங்கும் உறுப்புகளில் ஒன்று என்றே கொள்ள வேண்டும்.